பணப்பை என்ன ஆனது? ஜாம்பி படங்களுக்கு மதிப்பெண் போடுவோருக்கு ஒரு திறந்த மடல்

குறைந்த செலவில் எடுக்கப்படும் ஜாம்பி படங்களைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

கொள்ளைக் கும்பல், ஒரு பணப்பை, துரத்தி வரும் போலீஸ், நடுவில் எழுந்து நடக்கும் பிணங்கள். இப்படி ஒரு தனிவகைப் படம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் ஒரே கட்டடம், ஏழெட்டு நடிகர்கள், ஒரே இரவு. எந்த நாட்டில் வந்தாலும் இவற்றைத் தேடிப் பார்க்கிறவன் நான். பார்த்து முடித்த கையோடு நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று படிப்பதும் வழக்கம். படம் சில நேரம் ஏமாற்றுகிறது. உங்கள் கருத்துகள் அதைவிட அதிகமாக ஏமாற்றுகின்றன.

பத்துக்கு ஒன்று போட்டு "நேரம் வீண்" என்று எழுதுகிறீர்கள். அதே படத்துக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் பத்துக்குப் பத்து போட்டு "இந்த ஆண்டின் மிகச் சிறந்த படம்" என்கிறார். இந்த இரண்டாமவரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. படத்தில் மூன்றாவது ஜாம்பியாக வந்தவரின் மைத்துனராக இருப்பார். சொந்தக்காரப் பாசம், மன்னித்துவிடலாம். ஆனால் ஒன்று போட்டவர் நடுநிலையானவர் என்று நினைத்துத்தான் நாங்கள் படிக்கிறோம். அவர் எதற்காக ஒன்று போட்டார் என்பது அவருடைய நான்கு வரியில் எங்கும் இல்லை.

இருந்தால், அது ஒப்பனையைப் பற்றியதாக இருக்கும். "ஜாம்பி மாதிரியே இல்லை." உண்மைதான். முகத்துக்குச் சாம்பல் நிறம் பூசியவர்கள் கழுத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜாம்பி கையை நீட்டினால் நேற்றுத்தான் நகம் வெட்டிய நல்ல ஆரோக்கியமான கை வருகிறது. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இந்த வகைக்கே அடித்தளம் போட்ட படத்தின் ஒப்பனை என்ன வாழ்ந்தது? பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் 1968-இல் வெளியிட்ட 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு ஆன செலவு சுமார் 1,14,000 டாலர். அதில் வழியும் ரத்தம் சாக்லேட் பாகு. பிணங்கள் பிய்த்துத் தின்னும் சதை, அதே பாகை ஊற்றிய பன்றி இறைச்சி. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் படம் 1999-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பாகின் தரத்துக்காகச் சேர்க்கவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி அப்போது எழுதப்பட்ட ஒன்றை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் படங்களுக்கு வயது வாரியாகத் தரச் சான்று தரும் முறை 1968 நவம்பரில்தான் வந்தது. இந்தப் படம் அதற்கு ஒரு மாதம் முன்பே வெளியாகிவிட்டது. ஆகவே விடுமுறை நாள் பகல் காட்சிக்குச் சிறுவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பெற்றோர் போய்விட்டார்கள். சிகாகோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அப்படியொரு காட்சியில் உட்கார்ந்து பார்த்தார். 1969 தொடக்கத்தில் அவர் எழுதியதில் பெரும்பகுதி திரையைப் பற்றியது அல்ல, அரங்கைப் பற்றியது. முதலில் பிள்ளைகள் வேடிக்கையாக அலறியதையும், ஒரு கட்டத்தில் சத்தம் அடங்கியதையும், பிறகு சிலர் அழுததையும் எழுதினார். எந்த இடத்தில் அரங்கம் மாறியது என்பதை அதைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். படம் நல்லதா கெட்டதா என்பதைவிட அது என்ன செய்தது என்று சொல்லும் எழுத்து. உங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான். நீங்கள் பயந்த இடம் எது, பயப்பட வேண்டிய இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தது எப்போது?

அடுத்து நீங்கள் வழக்கமாகச் சொல்வது "நடிப்பு மோசம்." இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இனிமேல் இந்தப் படங்களைப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பேசும்போது பின்னணியில் குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் இருக்கும். எதிரில் நிற்பவர் பதில் சொல்லும்போது ரீங்காரம் காணாமல் போயிருக்கும். இரண்டும் வேறு வேறு நேரத்தில் எடுத்தவை, ஒலியைச் சமன் செய்ய யாருக்கும் காசு இல்லை. துப்பாக்கி வெடிக்கிறது, பிடித்திருக்கும் கை அசைவதில்லை. குழல் முனையின் நெருப்பைப் பிறகு கணினியில் ஒட்டியிருக்கிறார்கள். காலியான தோட்டா உறை தரையில் விழும் ஓசை இல்லை. இத்தனையும் சேர்ந்து நடிகர் பொய் சொல்வது போன்ற உணர்வைத் தருகின்றன. பழியெல்லாம் அந்த அப்பாவி நடிகர் தலையில் விழுகிறது. சிறிய படங்கள் தோற்பது காட்சியைவிட ஒலியில்தான் என்பது என் எண்ணம். நீங்கள் அதைச் சொன்னால் அடுத்த படம் எடுக்கப் போகிறவர் ஒப்பனைக்கு வைத்திருக்கும் காசில் பாதியை நல்ல ஒலிவாங்கிக்குக் கொடுப்பார். "நடிப்பு மோசம்" என்றால் அவர் என்ன செய்ய முடியும்? நடிக்க வைத்த மைத்துனரை மாற்றுவார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குற்றக் கதையும் ஜாம்பியும் ஒரே படத்தில் ஏன் இருக்கின்றன என்ற கேள்வியை நீங்கள் கேட்பதே இல்லை.

பெரும்பாலான படங்களில் இதற்குப் பதில், சிக்கனம். கொள்ளைக் கும்பல் என்றால் கையில் துப்பாக்கி இருப்பதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டாம். ஒளிந்துகொள்ளப் பாழடைந்த கிடங்கு ஒன்று போதும், வாடகை குறைவு. ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் என்பதால் சண்டைக்குப் பஞ்சமில்லை. இதெல்லாம் சரியான கணக்குத்தான். ஆனால் 25-ஆவது நிமிடத்தில் முதல் பிணம் கதவைத் தட்டியதும் அந்தக் கணக்கு முழுவதும் மறந்துபோகிறது. பணப்பை ஒரு மூலையில் கிடக்கிறது, அதைத் தொடுவார் இல்லை. காட்டிக்கொடுத்தவன் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. போலீஸுக்குத் தகவல் போனதா இல்லையா, யாருக்கும் கவலையில்லை. மிச்சம் ஒரு மணி நேரம் ஓட்டமும் கடியும். இரண்டு படத்துக்கான டிக்கெட்டை விற்றுவிட்டு ஒன்றரைப் படத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். உண்மையான மோசடி இதுதான். இதைப் பற்றி உங்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்?

இப்படித்தான் இருக்க முடியும் என்பதும் இல்லை. ஜப்பானில் 2000-இல் ரியூஹெய் கிடாமுரா எடுத்த 'வெர்சஸ்' படத்தைப் பாருங்கள். கையில் காசு இல்லாமல் காட்டுக்குள் எடுத்த படம். பாத்திரங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. தப்பி வந்த கைதி ஒருவன் யாகுசா எனப்படும் ஜப்பானியக் குற்றக் கும்பல் ஒன்றைக் காட்டில் சந்திக்கிறான். பேச்சு முற்றித் துப்பாக்கி வெடிக்கிறது, செத்தவன் எழுந்து நிற்கிறான். அந்தக் காடு இறந்தவர்கள் எழும் இடம். இதுவரை யாரும் எழுதக்கூடிய கதைதான். அடுத்ததுதான் விஷயம்: கும்பல் இத்தனை காலமும் தான் கொன்றவர்களைப் புதைத்து வந்தது அதே காட்டில். மண்ணைப் பிளந்துகொண்டு வருகிறவர்கள் யாரோ அல்லர், அந்தக் கும்பலின் கையாலேயே செத்தவர்கள். கும்பலைச் சேர்ந்தவர்கள் வருகிறவனின் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறார்கள். குற்றம் நடந்திருக்காவிட்டால் அந்தக் காட்டில் இத்தனை ஜாம்பிகள் இல்லை. ஒரே வரியில் இரண்டு கதையையும் கிடாமுரா முடிச்சுப் போட்டுவிட்டார். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

'வெர்சஸ்' குறையில்லாத படம் என்று சொல்லவில்லை. சுமார் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. அரை மணி நேரம் குறைத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மேல்சட்டையை உதறிவிட்டு நிற்கும் தோரணை அலுத்துப்போகிறது. "கதையே இல்லை, வெறும் சண்டை" என்று சொல்பவர்களோடு பாதி வழி நானும் வருவேன். ஆனால் புதைத்த பிணம் திரும்பி வரும் அந்த யோசனையைக் கவனிக்காமலே "கதை இல்லை" என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

பிரெஞ்சுப் படமான 'லா ஹோர்ட்' (2009) இன்னொரு உதாரணம். இயக்கியவர்கள் யானிக் தஹான், பெஞ்சமின் ரோஷே. சக காவலரைக் கொன்ற கும்பலைப் பழிவாங்க, மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் சில போலீஸார் பாரிஸ் புறநகரில் கைவிடப்பட்ட அடுக்குமாடி ஒன்றுக்குள் நுழைகிறார்கள். திட்டம் கெட்டுப்போய்ச் சிக்கிக்கொண்ட நேரத்தில் ஊரே ஜாம்பிகளால் நிறைந்துவிடுகிறது. கொல்ல வந்தவனும் கொல்லப்பட வேண்டியவனும் சேர்ந்துதான் மாடிப்படி இறங்கியாக வேண்டும். பழிக்கணக்கு மட்டும் யாராலும் மறக்கப்படாமல் கடைசிக் காட்சிவரை கூடவே இறங்கி வருகிறது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு காவலர் கார் கூரைமேல் ஏறி நின்று, சுற்றிலும் நூறு கைகள் நீளும்போது சுட்டுக்கொண்டே இருக்கும் காட்சிக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். தலையில் சுட்டால்தான் விழும் என்பதைக் கற்றுக்கொள்ள இவர்களுக்கு இத்தனை நேரம் தேவையா என்று நீங்கள் எரிச்சல்படுவது நியாயம். 1968-இலிருந்து ஊருக்கே தெரிந்த சங்கதி. இந்த மாதிரிக் குறையைச் சொல்லுங்கள், படிக்கச் சுவையாக இருக்கிறது.

நம் ஊர்ப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-இல் 'மிருதன்' வந்தபோது என் காதில் விழுந்த பேச்சில் பாதி "ஹாலிவுட் அளவுக்கு இல்லை" என்பதுதான். அது குற்றக் கதை அல்ல, சிறிய படமும் அல்ல. ஆனாலும் ஊட்டியில் முதலில் ஒரு நாய்க்குத் தொற்றுகிறது, தொற்றியவர்கள் தண்ணீரைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று வைத்திருந்தார்களே, அது வெறிநாய்க்கடியை நேரில் அறிந்த ஒரு சமூகத்துக்குச் சட்டென்று பிடிபடும் பயம். அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

மற்றொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: இரக்க மதிப்பெண். "இந்தச் செலவுக்கு இது அதிகம்" என்று எழுதி ஏழு போடுவது. பிரிட்டனில் மார்க் பிரைஸ் 2008-இல் எடுத்த 'காலின்' படத்துக்கு ஆன செலவு 45 பவுண்டு என்று சொல்லப்பட்டதும் உலகமே அந்தத் தொகையைப் பற்றித்தான் பேசியது. ஒரு கடப்பாரை, கொஞ்சம் ஒளிநாடா, நடிக்க வந்தவர்களுக்கு டீ, காபி, அதற்குத்தான் காசு போனதாம். கேட்கச் சுவையான செய்தி. ஆனால் படம் முழுவதும் ஜாம்பியாக மாறிய இளைஞனின் பக்கமே நின்று கதை சொன்னதுதான் பிரைஸ் செய்த துணிச்சல். 45 பவுண்டு அதை மறைத்துவிட்டது. பணம் வாங்காமல் வேலை செய்தவர்களின் உழைப்பை அந்தக் கணக்கில் யாரும் எழுதவில்லை என்பது தனிக்கதை. பார்க்கிறவருக்கு இரண்டு மணி நேரம் இரண்டு மணி நேரம்தான். தயாரிப்பாளரின் வறுமைக்கு நாம் தள்ளுபடி தர வேண்டியதில்லை. படைத்தவர்களும் அதை விரும்ப மாட்டார்கள்.

முழுப் படத்தையும் பாருங்கள் என்று கெஞ்சுவதற்கும் எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஷினிசிரோ உவேடா, பயிற்சிப் பட்டறையில் சேர்ந்த பெயர் தெரியாத நடிகர்களை வைத்துச் சுமார் 30 லட்சம் யென் செலவில் எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்', 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே காட்சியோடு தொடங்குகிறது. அந்த 37 நிமிடம் பார்த்தால் ஒன்று போடத்தான் கை போகும். நடிகர்கள் காரணமில்லாமல் பேச்சை நிறுத்திவிட்டுத் திகைத்து நிற்கிறார்கள். கேமரா கொஞ்ச நேரம் தரையில் கிடக்கிறது. பொருத்தமில்லாத இடத்தில் ஒருவர் வெளியே ஓடுகிறார். அதற்குப் பிறகு வருவதைச் சொல்ல மாட்டேன். 2018 ஜூனில் டோக்கியோவில் இரண்டே அரங்குகளில் வெளியானபோது பார்த்த ஜப்பானியர்களும் சொல்லவில்லை. "போய்ப் பார், முடியும்வரை எழுந்திருக்காதே" என்று மட்டும் நண்பர்களுக்குச் சொன்னார்கள். அந்த வாய்மொழியிலேயே படம் நூற்றுக்கணக்கான திரைகளுக்குப் பரவி 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. விளம்பரத்துக்குப் பணமில்லாத படத்துக்கு அந்த இரண்டு அரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களைவிட நல்ல விநியோகஸ்தர் கிடைத்திருக்க முடியாது.

விநியோகஸ்தர் என்றதும் நினைவுக்கு வருகிறது. சுவரொட்டியில் நகரமே எரிகிறது, ஆயிரம் ஜாம்பிகள் பாலத்தில் வருகிறார்கள். படத்தில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர், அதிலும் சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டாம் முறை வருகிறவர்கள் நான்கு பேர். ஏமாந்த உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் சுவரொட்டியை வரைய வைத்ததும், சில நேரம் படத்தின் பெயரை மாற்றியதும் வாங்கி விற்பவர்கள். ரொமேரோவின் படத்துக்கே விநியோக நிறுவனம்தான் பெயர் மாற்றியது; அப்படி மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போய், படம் யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கக்கூடிய பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்குக் கிடைக்க வேண்டிய பணம் கைநழுவிப் போனது. ஆகவே சுவரொட்டியைத் திட்டுவதானால் சுவரொட்டி என்று பெயர் சொல்லித் திட்டுங்கள். இயக்குநரின் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்த முறை மதிப்பெண் போடும் முன் மூன்று தகவல்களை எழுதிவிடுங்கள். எத்தனை நிமிடம் பார்த்தீர்கள்? இருபதாவது நிமிடத்தில் எழுந்துபோயிருந்தால் அதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். எழுந்துபோக வைத்த காட்சி எது என்பது எனக்கு உதவும். பேச்சு தெளிவாகக் கேட்டதா? பிணங்கள் வந்த பிறகு பணப்பை என்ன ஆனது? இதற்கு மேல் ஒன்று போட்டாலும் பத்து போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை இருக்கையில் இருக்கும் ஒரு பார்வையாளன்