குந்தத் தெரியாத கால்

ஆசிரியருக்கு,

பொய்க்கால் வழங்கும் நிகழ்வு என்று கடந்த ஞாயிறு நீங்கள் போட்ட படத்தில் எல்லோரும் கதிரையில் இருந்தார்கள். எல்லோருக்கும் சப்பாத்து. 2009 மாசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள் நான். என் கண் அந்தச் சப்பாத்துகளிலேயே நின்றது.

எனக்கு முதலில் கிடைத்தது ஜெய்ப்பூர் கால். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் சேத்தியும் சேர்ந்து செய்தது. மேல்நாட்டுக் காலோடு அந்த ஊர்ச் சனத்தால் குந்தவோ, வெறுங்காலோடு சேற்றில் இறங்கவோ முடியவில்லை என்றுதான் இறப்பரில், வளைந்து கொடுக்கும்படி செய்தார்களாம். அதைப் போட்டுக்கொண்டு நான் கச்சான் கடலை பிடுங்கினேன். முதல் ஆறு மாதம் ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்ப்பேன். பிறகு ஒருநாள், வாய்க்காலைத் தாண்டி அப்பால் போன பின்புதான் பார்க்காமல் தாண்டியது தெரிந்தது. மண் ஈரமா, காய்ந்ததா என்பதை இப்போது மிச்சத் துண்டு சொல்லும். இல்லாத பெருவிரல் மாரியில் கடிக்கும். இறப்பர் விரலைச் சொறிந்து பார்த்தேன். சிரிப்பீர்கள், கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு முகாமில் புதுக்கால் தந்தார்கள். பாரமில்லை, வடிவு. ஆனால் சப்பாத்தின் குதி உயரத்துக்கு அளந்து பூட்டியது. சப்பாத்தைக் கழற்றினால் பின்பக்கம் சாய்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வெளியே நின்றேன். "அம்மம்மா, செருப்பு மாதிரி காலையும் கழட்டிப்போட்டு வாங்கோவன்" என்றான் பேரன்.

கோயிலாவது வருடத்தில் ஒருநாள். செத்த வீடு அப்படியில்லை. இந்தப் புதுக்காலோடு பாயில் குந்த முடியாது. பெண்கள் எல்லோரும் பாயில் இருந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிப்பிடித்து அழும்போது நான் மட்டும் கதிரையில், வந்த அதிகாரி மாதிரி. என் சொந்த மச்சாள் செத்தபோதும் அப்படித்தான். அந்த உயரத்துக்கு எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடிக்க ஒருவருமில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. பாயில் இருந்தால் வந்திருக்கும்.

கால் தருபவர்களுக்கு நன்றி கெட்டவளில்லை நான். அளவெடுக்கும்போது, வீட்டில் எப்படி இருப்பீர்கள், என்ன தொழில் என்று இரண்டு கேள்வி கூடக் கேட்கட்டும்.

பழைய காலைத் திரும்ப எடுத்திருக்கிறேன். குதி வெடித்திருந்தது. சைக்கிள் கடையில் ரியூப் துண்டு வைத்து ஒட்டித் தந்தார்கள். இந்த முறை கச்சானுக்கு அதுதான்.

வாசகி ஒருவர்,
புதுக்குடியிருப்பு.