தந்தியையும் அளவையும் விட்டுவிட்டு பேஸ் கிட்டாரைப் பேச முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பேஸ் கிட்டார் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மேடையின் பின்வரிசையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பவருக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியதே, 28 ஆண்டுகளாக மெல்லிசைக் கச்சேரிகளிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் அந்த இடத்தில் நின்று வரும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் எந்தக் கலைஞர் எந்த நிறுவனத்தின் கருவியை வைத்திருக்கிறார், அதன் விலை எத்தனை லட்சம், எந்த நாட்டு மரத்தில் செய்தது என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. தந்தியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சொல்லிச் செய்து வாங்கும் கருவிகளைப் பற்றிய பத்தியில்கூட வாசிப்பவரின் கை, தோள், உயரம் ஆகியவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. அதைப் படிக்கும் மாணவர் ஒருவர், நல்ல நாதம் வேண்டுமென்றால் அரிய மரம் வேண்டும், அரிய மரத்துக்கு நிறையப் பணம் வேண்டும் என்ற முடிவுக்குத்தான் வருவார். அந்த முடிவு தவறு என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகள் தடித்த தந்தியிலிருந்து தொடங்கி ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டப்படுகின்றன. சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே இவை ஒலிக்கும். ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த நாதத்தைத் தெளிவாகத் தர வேண்டுமானால் தந்திக்கு நீளமும் கனமும் இழுப்பும் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் தமது பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது, தந்தியின் அதிரும் நீளத்தை 34 அங்குலம் என்று வைத்தார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து அலைந்தவர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று கிடைத்தது. வீணையின் மெட்டுகளைப் போல ஃபிரெட்டுகள் பதித்திருந்ததால் சுரம் பிசகாமல் விழுந்தது. பிரிசிஷன் என்ற பெயரே அதனால் வந்ததுதான். அந்த 34 அங்குலம் இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவாக நீடிக்கிறது. ஆக இந்தக் கருவியின் வரலாறே ஓர் அளவிலிருந்துதான் தொடங்குகிறது. கட்டுரையாளர் மரத்தைப் பற்றிச் சொன்னதில் பாதியையாவது இந்த அளவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

தந்திக்கு வருகிறேன். நடுவில் எஃகுக் கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியது என்பதே பேஸ் தந்தியின் அமைப்பு. சுற்றிய கம்பி நாடாவைப் போலத் தட்டையாக இருந்தால் அது ஃபிளாட்வவுண்ட். உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். முன்னது விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும், தும் என்று தொடங்கிச் சீக்கிரம் அடங்கும். பின்னது மணியின் நாவைப் போலக் கணீரென்று ஒலித்து நெடுநேரம் நிற்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1960களில் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தமது 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் தடித்த ஃபிளாட்வவுண்ட் தந்திகளையே கட்டியிருந்தார். அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அதே பத்தாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தி ஹூ என்ற ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விஸில், பியானோவின் அடித்தந்தியைப் போன்ற கணீர் ஒலி வேண்டுமென்று தந்தி செய்யும் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து ரவுண்ட்வவுண்ட் தந்தியைச் செம்மைப்படுத்தினார். இருவருடைய நாதமும் இரண்டு துருவங்கள். அந்த வேறுபாட்டில் விரலுக்குப் போக மிஞ்சிய பெரும்பங்கு தந்தியினுடையது என்பதே என் துணிபு.

தமிழ்க் காதுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் தாளத்துக்கு முட்டுக் கொடுக்காமல் பல்லவிக்கு எதிரே தனக்கென்று ஒரு மெட்டோடு நடந்து போகும். அவருடைய குழுவில் பல காலம் வாசித்த சசிதரனும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் நாம் அடிக்கடி கேட்கும் கீத் பீட்டர்ஸும் எங்களைப் போன்றவர்களுக்குக் கேட்டே கற்ற ஆசான்கள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் 41 அதிர்வை எழுப்பவே முடியாது. மேலே கேட்கும் கிளை நாதங்களை வைத்துக்கொண்டு நம் காதுதான் அடிநாதத்தை ஊகித்துக்கொள்கிறது. அந்தக் கிளை நாதங்கள் தந்தி புதிதாகவும் சுத்தமாகவும் இருக்கும்போது நிறைந்திருக்கும். தந்தி செத்துவிட்டால் அவையும் போய்விடும்.

தந்தி சாவது என்று நாங்கள் சொல்வது அறுவதை அல்ல. நம் ஊர் வெயிலில் ஒரு திருமணக் கச்சேரி வாசித்து முடித்தால் விரல் வியர்வையும் எண்ணெயும் தோல் துகளும் கம்பிச் சுற்றின் இடுக்குகளில் அப்பிக்கொள்கின்றன. தந்தியின் கனம் இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. சுருதி சேர்ந்தும் சேராமலும் நிற்கிறது. கையில் காசு இல்லாத காலத்தில் நாங்கள் தந்திகளைக் கழற்றி வளையமாகச் சுருட்டி, சமைப்பதற்கு உதவாத பழைய பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைப்போம். தண்ணீர் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி, மேலே எண்ணெய்ப் படலம் கண்ணாடி போல மிதக்கும். எடுத்து, துண்டில் ஒற்றி, நன்றாக உலர்த்திக் கட்டினால் பாதி உயிர் திரும்பும். ஆனால் ஓரிரு வாரம்தான் தாங்கும். உலர்த்துவதில் குறை வைத்தால் துருவும் ஏறும். ஒவ்வொரு முறை வாசித்த பிறகும் காய்ந்த துணியால் தந்தியை அடியோடு சேர்த்துப் பிடித்துத் துடைப்பது இதைவிட நல்ல வழி. இதற்கு ஒரு காசு செலவில்லை, ஆனாலும் என்னிடம் வரும் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை.

அடுத்தது செட்டப், அதாவது கருவியை வாசிப்பதற்கு ஏற்றபடி சரிசெய்யும் வேலை. வீணைக்கு மேளம் கட்டுவது எத்தகைய வேலை என்று நம் வாசகர்கள் பலர் அறிவார்கள். மெழுகின்மேல் 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுப் பதிக்கும் அந்தக் கலைஞர் இல்லாவிட்டால் ஒரே மரத்தில் குடைந்து செய்த தஞ்சாவூரின் எந்த ஏகாண்ட வீணையும் வெறும் பலாமரம்தான். பேஸ் கிட்டாரிலும் அதற்கு ஒப்பான வேலை இருக்கிறது. நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. அதை எதிர்த்துத் தாங்குவதற்காகக் கழுத்துக்குள் டிரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பி ஓடுகிறது. ஈ தந்தியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃபிரெட்டில் மறு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டின் அருகே தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் கழுத்தின் வளைவு சரியாக இருக்கிறது. பிறகு தந்தியின் உயரம், அதன் பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி வாசித்த சுரமும் அதே இடத்தில் தந்தியை மேலாகத் தொட்டு எழுப்பிய நாதமும் ஒன்றாக இருக்கின்றனவா என்ற சோதனை. மெல்லிய தந்தியிலிருந்து தடித்த தந்திக்கு மாறினால் இவை அனைத்தையும் மறுபடி செய்ய வேண்டும். கடையில் இருந்து வந்த கோலத்திலேயே வாசித்துவிட்டு, கருவி சரியில்லை என்று விற்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஐந்து தந்தி பேஸ் ஒன்றைச் சொல்லிச் செய்ய ஆசைப்பட்டேன். ஐந்தாவது தந்தி ஈக்குக் கீழே பி. அதன் அதிர்வு நொடிக்கு 31ஐ ஒட்டியது. அந்தப் பட்டறையில் எனக்குக் காட்டியதெல்லாம் மரப்பலகைகள்தான். கணுவும் அலையுமாகத் தேன் நிறத்தில் மின்னிய ஒரு பலகையைக் கண்டதும் மற்ற எதையும் கேட்கத் தோன்றவில்லை. தந்தியின் நீளம் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை, என் தோள் எவ்வளவு தாங்கும் என்று அவர்களும் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து வந்த கருவியின் எடை ஐந்தரை கிலோவுக்கு மேல். பெல்ட்டை மாட்டிக் கையை விட்டால் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சரியும். இடது கை வாசிப்பதை விட்டுவிட்டுக் கழுத்தைத் தாங்கிப் பிடிப்பதே வேலையாயிற்று. அது வழக்கமான 34 அங்குலம். அவர்கள் கட்டிய பி தந்தியோ அதற்குப் போதாத மெல்லிய தந்தி. அதனால் அது கயிறு போலத் தொய்ந்து கிடந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் கழுத்து முறுக்கிக்கொண்டது. கழுத்து முன்னோ பின்னோ வளைந்தால் டிரஸ் ராடால் நிமிர்த்தலாம். ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டால் அதனால் பயன் இல்லை. சரியாகக் காயாத மரத்தில் கழுத்தைச் செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பட்டறையார் பணத்தையும் திருப்பவில்லை, கழுத்தையும் மாற்றித் தரவில்லை. இரண்டு ஆண்டு கச்சேரி வருமானம் அது.

அடுத்த கருவியைச் செய்து தந்தவர் வீட்டுத் திண்ணையில் கிட்டார் பழுது பார்க்கும் ஒரு தச்சர். அவர் முதலில் மரத்தைப் பற்றியே பேசவில்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பிறகு நிற்க வைத்து, இரண்டு நிலையிலும் என் கைகள் இயல்பாக எங்கே வந்து விழுகின்றன என்று பார்த்தார். தரையில் செய்தித்தாளை விரித்து, என் பழைய பேஸை அதன்மேல் கவிழ்த்துப் பென்சிலால் கோடிட்டு, பெல்ட் மாட்டும் மேல்கொம்பை இரண்டு விரற்கடை நீட்டி வரைந்தார். அந்த நீட்டிப்பால்தான் புதிய கருவி தலை சாயாமல் நின்றது. “அண்ணே, உங்க சுண்டுவிரலுக்கு இந்தக் கழுத்து அகலம்” என்று சொல்லி, கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட் என்னும் துண்டின் அகலத்தையும் குறைத்தார். தந்தியின் நீளத்தை 35 அங்குலம் ஆக்கினார். அதே தந்தியை அதே சுருதிக்குக் கூட்டும்போது இந்த ஓர் அங்குலத்தால் இழுப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடும், பி தந்தி தொய்யாது. கழுத்துக்கு எடுத்த மரத்தை இரண்டு மழைக்காலம் அட்டத்தில் போட்டு வைத்திருந்ததாகச் சொன்னார். முடிவில் எடை 3.8 கிலோ. பார்ப்பதற்கு எந்தப் பகட்டும் இல்லை. மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பிறகு என் தோள் வலிக்கவில்லை என்பதைத்தான் அதன் பெருமையாகச் சொல்வேன்.

மரம் பொருட்டே அல்ல என்று நான் சொல்லவில்லை. கழுத்து நேராக நிற்பதும் கருவி கனக்காமல் இருப்பதும் மரத்தைப் பொறுத்தவைதான். ஆனால் திடமான உடல் கொண்ட பேஸில் தந்தியின் அசைவை மின்சைகையாக மாற்றும் காந்தப் பிக்கப் பதிவு செய்வது எஃகுத் தந்தியின் அசைவையே; வீணையின் குடத்தைப் போல மரம் நாதத்தைப் பெருக்கும் வேலை அங்கே இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, ஈட்டி மரத்தின் பேரினமான டால்பெர்ஜியா முழுவதையும் 2017 ஜனவரி முதல் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது, ஃபெண்டர் உள்ளிட்ட நிறுவனங்கள் சில கருவிகளின் ஃபிரெட் பலகைக்கு பாவ் ஃபெரோ என்ற வேறு தென்னமெரிக்க மரத்துக்கு மாறின. 2019 நவம்பரில், பிரேசில் ஈட்டியைத் தவிர்த்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் வந்த அந்தக் கருவிகளைக் கச்சேரியில் நான் வாசித்திருக்கிறேன். கண்ணை மூடிக் கேட்டால் பலகையின் பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. தந்தி பழையதா புதியதா என்பதை முதல் சுரத்திலேயே சொல்ல முடிந்தது.

போன வாரம் கல்லூரி மாணவர் ஒருவர் தம் அண்ணன் விட்டுச் சென்ற பழைய பேஸோடு வந்தார். தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, இதை விற்றுக் கடன் வாங்கி விலை உயர்ந்ததாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். தந்தி கருத்துப்போய், கழுத்து வில்லாக வளைந்து, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் சுண்டுவிரலே நுழையும் அளவுக்குத் தந்தி தூக்கி நின்றது. புதிய தந்தி ஒரு செட் வாங்கி வரச் சொல்லி, அவர் கையாலேயே கட்ட வைத்து, டிரஸ் ராடைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக் காட்டினேன். இரண்டு மணி நேரத்தில் அது வாசிக்கும் கருவியாயிற்று. கடன் வாங்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கட்டுரையின் தொடர்ச்சியை வெளியிடும் எண்ணம் இருந்தால், தந்தி வகைகளையும் செட்டப்பையும் விளக்கும் ஒரு பகுதியையும், பெயர்ப்பலகை இல்லாமல் திண்ணையிலும் மாடிப்படிக்கு அடியிலும் உட்கார்ந்து இந்தக் கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் வரும் தச்சர்களைச் சந்தித்து எழுதும் ஒரு பகுதியையும் சேர்க்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நிருபர் திருச்சி வந்தால் எனக்குச் செய்து தந்தவரிடம் நானே அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பேஸ் கிட்டார் வாசிப்பவன்,
திருச்சிராப்பள்ளி.