காயம் ஆற்றும் செல்களும் ஒட்டுண்ணியும்

அன்பு நண்பர் ரகுநாதனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று அறிந்து நிம்மதியடைந்தோம். இங்கு அனைவரும் நலம். தேர்வுகள் முடிந்துவிட்டதால் எனக்கும் படிக்க நேரம் கிடைக்கிறது.

2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் பெற்றுத் தந்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள் (நோயெதிர்ப்பு எல்லை மீறாமல் காக்கும் வெள்ளணுக்கள்), அழற்சியை அடக்குவதோடு நின்றுவிடுமா, காயத்தையும் ஆற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆற்றும். எலியின் தசையில் காயம்பட்ட சில நாட்களுக்குள் அவை அங்கே குவிந்து, ஆம்பிரெகுலின் என்ற புரதத்தைச் சுரந்து, தசையைப் புதுப்பிக்கும் சாட்டிலைட் செல்களைத் தூண்டுகின்றன என்று 2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, இச்செல்கள் ஆம்பிரெகுலினைச் சுரக்க இயலாதபடி செய்யப்பட்ட எலிகளுக்கு இன்ஃபுளூயன்சா வந்தபோது, அடக்கும் திறன் குன்றாமல் இருந்தும் நுரையீரல் கடுமையாகச் சேதமடைந்தது. எனவே அடக்குவது வேறு, ஆற்றுவது வேறு.

என்னை உலுக்கியது 2017இல் வெளிவந்த டாக்சோபிளாஸ்மா ஆய்வுதான். இந்த ஒட்டுண்ணி தசை நாருக்குள் உறை கட்டிக்கொண்டு நெடுங்காலம் தங்கிவிடும். அத்தகைய நாட்பட்ட தொற்றில் எலிகளின் தசை வலுவிழந்தது. ஒழுங்குபடுத்தும் செல்கள் அங்கே இருந்தும் சீரமைப்பு நடக்கவில்லை. அவற்றை நீக்கியபோதுதான், அழற்சியின் பக்கம் சாய்ந்திருந்த மேக்ரோபேஜ்கள் (கிருமிகளையும் சிதைந்த செல்களையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) சமநிலைக்குத் திரும்பி, தசை நார்கள் மீண்டும் வளரத் தொடங்கின! காயத்தை ஆற்றுவதற்குப் பேர்போன செல்லே இங்கே ஆற்றுதலுக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. கிருமி விலகாத திசுவில் இச்செல்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, கிருமியில்லாத காயத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

தோலில் புண் உண்டாக்கும் லீஷ்மேனியா மேஜர் என்ற ஒட்டுண்ணியின் தொற்றிலும் இத்தகைய முரண் உண்டு. புண் ஆறிய தோலில் இச்செல்கள் சிறிதளவு ஒட்டுண்ணியை விட்டுவைக்கின்றன. அதை முற்றிலும் ஒழித்துவிட்டால், மறுதொற்றைத் தடுக்கும் ஆற்றலும் போய்விடுகிறது என்று யாஸ்மின் பெல்கைதும் உடன் ஆய்ந்தவர்களும் 2002இல் கண்டறிந்தார்கள்.

முதுகலை மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்தும்போது, 2013ஆம் ஆண்டின் தசை ஆய்வையும் டாக்சோபிளாஸ்மா ஆய்வையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து எடுங்கள்; மேக்ரோபேஜ் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற கேள்வியை அவர்களே எழுப்புவார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
சிவராமன்