சாவி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டவர்களுக்கு

அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது எங்கள் மாந்தோப்பில் இறங்கிக் காய் பறித்துக் கொடுத்த மேலத்தெரு உறவுகளுக்கும், அன்றைக்கு ஊர் தாண்டி வந்து நின்றவர்களுக்கும் வணக்கம்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்து பதினொரு நாள் ஆகிறது. வாக்கர் பிடித்துக்கொண்டு திண்ணை வரை நடக்கிறாள். முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்ததுமே, "ஒரு வீடு விடாமல் போய் நன்றி சொல்லிவிட்டு வா" என்று என்னை அனுப்பினாள். வந்தேன். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "நாங்கள் என்ன செய்துவிட்டோம், எதிர்வீட்டு மாமாதான் பொழுதெல்லாம் மரத்திலேயே கிடந்தார்" என்றீர்கள். எதிர்வீட்டு மாமாவிடம் போனால், "பெண்கள் இல்லையென்றால் பாதிக் காய் வெந்து வீணாகியிருக்கும், அவர்களிடம் சொல்" என்றார். அவர்களிடம் போனால் வண்டிக்காரத் தம்பியைக் காட்டினார்கள். ஒருவர்கூடத் தன் பங்கைச் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். ஆகவே, ஒருவரைப் பற்றி மற்றவர் சொன்னதையெல்லாம் கோத்து, எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோப்பு தேவதானப்பட்டிக்கும் பெரியகுளத்துக்கும் நடுவில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர். அப்பா 1996-இல் முப்பது அடிக்கு ஒரு குழி வெட்டி ஒட்டுக்கன்றுகள் வைத்தார். இன்று 58 மரங்கள் நிற்கின்றன. அதில் செந்தூரம், காசாலட்டு, நம் பக்கம் சப்பட்டை என்று சொல்கிற பங்கனப்பள்ளி எல்லாம் சேர்ந்து 36 மரங்கள். இவை கத்திரி வெயில் தொடங்கும்போது முற்றிவிடும். கிளிமூக்கும் நீலமும் ஆனி வரை தாங்கும். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவும் இரண்டு நாய்களும்தான் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படிச் சேர்த்துச் சொல்வது அலங்காரத்துக்காக இல்லை. மலையிலிருந்து குரங்குக் கூட்டம் இறங்கினாலும், ராத்திரியில் காட்டுப்பன்றி வேலிக்கடியில் புகுந்தாலும் முதலில் எழுந்து ஓடுகிறவை செவலையும் கருவாச்சியும்தான்.

சித்திரை பாதியில் அம்மா மோட்டார் அறைப் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தேனி க.விலக்கு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். பிஞ்சு பிடித்தபோதே வந்து விலை பேசிவிட்டுப் போன வியாபாரி, சந்தை விலை இறங்கியதும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பேசியது பேச்சாகவே போனது, அவ்வளவுதான். ஆனால் காய் காத்திருக்காதே. சூறைக்காற்றுடன் மழை வரும் என்று அந்தச் சனிக்கிழமை வானிலை அறிவிப்பும் வந்துவிட்டது.

எனக்கு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகி இருபது வருடம் வெளியூரில் இருந்துவிட்டவள் எந்த முகத்தோடு கேட்பது என்ற தயக்கம். விழுந்தால் விழட்டும், அம்மா பிழைத்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. "மோட்டார் அறைச் சாவி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பறிக்கலாமா, கூலிக்கு என்ன செய்வது, யாருக்குப் போடுவது, எதுவும் கேட்கவில்லை. நாய்க்குச் சோறு வைக்கும் சட்டிக்கு அடியில் இருக்கிறது என்றேன். "சரி, நீ அம்மாவைப் பார்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்பே பத்தொன்பது பேர் தோப்பில் இறங்கியிருக்கிறீர்கள்.

காலையில் நடந்தது முழுக்க நீங்கள் சொல்லித் தெரிந்ததுதான். நாய்கள் இரண்டும் வேலியோரம் நின்று யாரையும் உள்ளே விடவில்லையாம். அப்பத்தா முன்னால் போய், "உன் ஆத்தாள் வேலைக்குத்தாண்டா வந்திருக்கிறோம்" என்று செவலையின் காதைத் தடவிக் கொடுத்த பிறகுதான் படலைத் திறக்க முடிந்ததாம். சித்தப்பா ஒவ்வொரு மரத்திலும் இரண்டு காய் பறித்து வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாராம். மூழ்கியது முற்றிய காய். மிதந்தால் அந்த மரத்தை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். அப்படி நான்கு மரங்கள் தப்பின. இன்னொருவர் தோப்பு, அவசரமான நாள், மொத்தமாக உலுக்கிக் கொட்டியிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் பார்த்துப் பார்த்துப் பறித்திருக்கிறீர்கள்.

எதிர்வீட்டு மாமாவுக்கு அறுபத்தேழு வயது. வலை கட்டிய துறட்டியுடன் ஏறியவர் மதியச் சோற்றுக்குத்தான் இறங்கினார் என்கிறார்கள். எட்டாத கொப்பில் இருந்த காயைக்கூடக் கீழே தட்டவிடாமல், விரல்கடை நீளம் காம்போடு கொய்து வலையில் இறக்கியிருக்கிறார். காம்பு ஒட்ட ஒடிந்தால் பால் பீச்சியடிக்கும். அது தோலில் வழிந்த இடம் கறுத்து வெந்துபோகும். பழுத்தாலும் அந்தத் தழும்பு போகாது, சந்தையில் ஒதுக்கிவிடுவார்கள். அதனால் பெண்கள் எட்டுப் பேரும் நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, நீளக் காம்பைக் கிள்ளி, ஒவ்வொரு காயாகத் தலைகீழாக வைத்துப் பால் வடியவிட்டிருக்கிறார்கள். நான் போனபோது அந்த வாசனைதான் முதலில் வந்து முகத்தில் அறைந்தது. கற்பூரமும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல ஒரு காரம். உங்களில் ஒரு மதினியின் கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு வரை பால் பட்டுக் கொப்புளித்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

இந்த எட்டுப் பேரும் வாரம் முழுக்க நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். துணி துவைக்க, பிள்ளைகளுக்குத் தலை குளிப்பாட்ட என்று அவர்களுக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அதைத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். சாயங்காலம் கூலியை நீட்டியபோது ஒருவரும் கை நீட்டவில்லை. ஆளுக்குப் பத்துக் காய் மட்டும் முந்தானையில் கட்டிக்கொண்டு போனீர்கள். எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது. உறவு என்பதால் ஒரு நாள் உழைப்பு இலவசமாகிவிடக் கூடாது. ஆனியில் கிளிமூக்கு பறிக்கும்போது கூலி வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டால்தான் படலைத் திறப்பேன்.

மதியம் தங்கை மருத்துவமனைக்கு வந்து என்னை அனுப்பிவைத்தாள். பஸ் பிடித்து, நடந்து, தோப்புக்கு வரும்போது மணி இரண்டரை. அப்பத்தா பெரிய சட்டியில் கம்பங்கூழ் கரைத்து, மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள் தூவி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். நாய்களுக்குத் தனியாகக் கருவாட்டுச் சோறு. செவலை சோற்றை முடித்துவிட்டு ஒரு காற்றுதிர் பழத்தை முன்கால்கள் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முன்பல்லால் தோலை இழுத்து இழுத்து உரித்தது. சதையை நக்கித் தின்றுவிட்டுக் கொட்டையை அப்படியே விட்டது. அப்பா பழக்கிய பழக்கம் அது. கொட்டை தொண்டையில் சிக்கும் என்று குட்டியிலேயே வாயிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிப் பழக்கினார். கோம்பைச் சாதியின் செம்பழுப்பு உடம்பும் கறுத்த மூஞ்சியும் இன்னும் அப்படியே இருக்கின்றன. வயது ஒன்பது. கண்தான் வெளுத்துவிட்டது.

மூன்று மணி வாக்கில் குரங்குகள் இறங்கின. பெட்டிகள் வரப்பில் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டமே வந்தது. நாய்கள் இரண்டும் பாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் கருவாச்சியின் குரல் மட்டும் கேட்டது. அது குரங்கை விரட்டும் குரைப்பு இல்லை. கிணற்று மேட்டில் நின்ற இடத்தை விட்டு நகராமல், கீழே பார்த்துப் பார்த்து ஊளையிட்டது. கிணற்றின் மேற்குப் பக்கத்துச் சுற்றுச்சுவர் போன மழையில் இடிந்தது. அம்மா கட்டவேண்டும் கட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். செவலைக்கு அந்தப் பள்ளம் தெரிந்திருக்காது.

ஐம்பதடிக் கிணறு. தண்ணீர் ஓராள் ஆழம்தான். செவலை சுவரைப் பிராண்டிக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தது. எல்லோரும் மேலிருந்து கத்தினோம். மாமாதான், "யாரும் சத்தம் போடாதீர்கள், நீங்கள் கூப்பிடக் கூப்பிட அது ஏறப் பார்த்துச் சோர்ந்துவிடும்" என்று அடக்கினார். அந்த அமைதியில் தண்ணீர் அலம்புகிற சத்தமும் அதன் மூச்சும் மட்டும் கேட்டன. மோட்டார் அறையில் கிடந்த அப்பாவின் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து, நாலு காலிலும் பெட்டி கட்டும் கயிற்றை முறுக்கிக் கட்டி இறக்கினார்கள். செவலை அதைப் பார்த்து மிரண்டு விலகிவிட்டது.

அப்போது பிளஸ் டூ எழுதி முடித்திருக்கும் அந்தத் தம்பி, யாரிடமும் கேட்காமல் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மோட்டார்க் குழாயைப் பிடித்து இறங்கிவிட்டான். அவன் அம்மா அங்கேதான் நின்றிருந்தார். தடுக்கவில்லை. கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து பிடித்தார். அக்கா, அந்தச் சில நிமிடங்கள் உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பெற்ற பிள்ளையைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு எங்கள் நாய்க்காக நின்றீர்களே, இதற்கு நன்றி என்ற சொல் எப்படிப் போதும்? தம்பி தண்ணீருக்குள் நின்று, பின்பக்கமாக அணைத்து, தன் சட்டையைக் கழற்றிச் செவலையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினான். பயத்தில் அது அவன் முன்கையில் பல் பதித்தது. அவன் விடவில்லை. ஆறு பேர் இழுத்தார்கள். கட்டில் மேலே வந்ததும் கருவாச்சி ஓடிவந்து செவலையின் முகத்தை நக்க ஆரம்பித்தது. பிறகுதான் எல்லோருக்கும் பேச்சு வந்தது.

பல் பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் குழாயடியில் கால் மணி நேரம் கழுவவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போடவைத்த அண்ணனுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். செவலைக்கு வருடா வருடம் தடுப்பூசி போட்ட சீட்டு வீட்டில் இருக்கிறது. இருந்தாலும் அவர், "சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது" என்று பிடிவாதமாக நின்றார். அதுதான் சரி. தம்பி எல்லாத் தவணையும் தவறாமல் போட்டுக்கொண்டு வருகிறான்.

விடுமுறை நாள் என்று பார்க்காமல், புழுதிக்காற்றில் பைக்கில் வந்து சேர்ந்த கால்நடை மருத்துவர் அய்யாவுக்கும் வணக்கம். கிழிந்த நகத்துக்குக் கட்டுப் போட்டு, நெஞ்சில் காதுகுழல் வைத்து நெடுநேரம் கேட்டு, உடம்பு சூடேறும் வரை சாக்குப் போட்டு மூடச் சொன்னார். காசு கொடுத்தபோது, "அம்மா மருந்துக்கு வையுங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மொத்தம் 157 பெட்டிகள். பெட்டிக்கு இருபது கிலோ. அடிபட்டது, அணில் கடித்தது எல்லாம் கழித்த கணக்கு இது. வண்டிக்காரத் தம்பி தன் குட்டியானையில் மூன்று நடை அடித்தான், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டான். கார்பைடு கல் வைக்காமல் வைக்கோலில் பழுக்கவைத்த பழம் என்று சொல்லிக் கொஞ்சத்தை உழவர் சந்தையில் சித்தப்பாவே உட்கார்ந்து விற்றார். வந்த பணத்தில் ஒரு ரூபாய் குறையாமல் மஞ்சள் துணியில் முடிந்து அம்மா தலைமாட்டில் வைத்தார்.

முதல் பெட்டியிலிருந்து ஐந்து பழத்தை யாரோ தனியே எடுத்துவைத்து, தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மனின் மூடிய கதவுக்கு முன்னால் படைத்துவிட்டு வந்தீர்கள். யார் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. அப்பா இருந்தவரை வருடம் தவறாமல் செய்தது அது. எனக்கு மறந்தே போயிருந்தது.

அன்று ராத்திரி எட்டு மணிக்குக் காற்று வந்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் பறிக்காமல் விட்ட நான்கு மரங்களின் கீழ் தரையே தெரியவில்லை. நீங்கள் பறித்த முப்பத்திரண்டு மரங்களும் அப்படி உதிர்ந்திருக்க வேண்டியவை. காற்றடித்த நேரம் நான் மருத்துவமனைக்குத் திரும்பியிருந்தேன். பையில் ஒரு செந்தூரம் இருந்தது. அம்மா அதைத் தின்னவில்லை. மூக்கருகில் வைத்துக்கொண்டு, "செவலை சாப்பிட்டதா?" என்று கேட்டாள்.

இன்னும் ஒன்று. பச்சை மூடி போட்ட தூக்குச்சட்டி ஒன்று, பிடி நெளிந்த எவர்சில்வர் தூக்கு ஒன்று, கட்டம் போட்ட துண்டு இரண்டு, ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பு, எல்லாம் மோட்டார் அறையில் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் எந்த நேரமும் வந்து எடுத்துக்கொள்ளலாம். சாவி அதே சட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. கிணற்றுச் சுவர் புதன்கிழமை கட்டத் தொடங்குகிறோம், ஈரம் காயும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

இப்படிக்கு,
மாந்தோப்பு வீட்டு மூத்த மகள்