பணம் கட்டியும் நடுராத்திரியில் பூட்டிக் கிடந்த பட்டன்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு
அனுப்புநர்: உங்கள் சந்தாதாரர், கானாடுகாத்தான் அருகில், சிவகங்கை மாவட்டம்
பொருள்: உங்கள் மைண்ட்ஃபுல்னஸ் ஆப்புக்கு இரண்டு முறை பணம் வாங்கிக்கொண்டு பயிற்சிகளைப் பூட்டி வைத்தது, உங்கள் ஊழியர் பேசிய பேச்சு

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில் வந்தது. இதையாவது ஒரு மனுஷர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஆத்தா போன தை மாதம் காலமானார்கள். ஆறு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். அவர்கள் போன பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்த்துக் கொட்டும். மதுரையில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாராவாரம் வந்து பேசினால் நல்லது, முடியாவிட்டால் உடம்பையும் மூச்சையும் அப்படியே கவனிக்கும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியைப் போனிலாவது தினமும் செய்யுங்கள், அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். வருடச் சந்தா 2,999 ரூபாய் கட்டினோம். தமிழில் இருக்கிறது என்பதால்தான் உங்கள் ஆப்பை என் மகன் தேர்ந்தெடுத்தான்.

நல்லதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. உங்கள் எட்டு வாரப் பாடத்தில் முதல் நான்கு வாரம் ஒரு நாள் விடாமல் செய்தேன். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், தூணோரம் பாய் விரித்துப் படுத்து, கால் கட்டைவிரலில் தொடங்கி உடம்பை ஒவ்வொரு பாகமாகக் கவனிக்கச் சொல்லும் அந்த பாடி ஸ்கேன் குரலைக் கேட்பேன். பாய் கொஞ்சம் குட்டை. குதிகால் இரண்டும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் படும். “எது தெரிகிறதோ அது தெரியட்டும், நல்லது கெட்டது என்று பிரிக்க வேண்டாம்” என்பார் அந்த அம்மா. அந்தக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டு எத்தனையோ வருடமாகத் துடைத்திருக்கிறேன். அது இவ்வளவு குளிர்ச்சி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுதேன், அப்புறம் தூங்கிவிட்டேன். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தாலும் அந்த ‘இப்போது பதற்றம்’ பட்டனை அழுத்தி, நீல வட்டம் விரிவதையும் சுருங்குவதையும் பார்த்து மூச்சை விட்டால் கால் மணியில் அடங்கிவிடும்.

ஐந்தாம் வாரம் நீங்கள் ஒரு அப்டேட் விட்டீர்கள். என்ன மாற்றினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். என் கணக்கு ‘இலவசப் பயனர்’ ஆகிவிட்டது. நான்கு வாரக் கணக்கும் அழிந்து ‘நாள் 1’ என்று நிற்கிறது. அன்றைக்கு ராத்திரி படபடப்பு வந்து அந்தப் பட்டனை அழுத்தினேன். நீல வட்டம் வரவில்லை. ‘இன்றே சந்தா செலுத்துங்கள், 40% தள்ளுபடி’ என்று வந்தது. கை நடுங்க மூன்று தடவை அழுத்தினேன், மூன்று தடவையும் அதேதான். மூச்சு முட்டி உட்கார்ந்திருப்பவளிடம் காட்டுவதா இது?

மறுநாள் போன் செய்தேன். மொத்தம் பதினோரு தடவை செய்திருக்கிறேன், தேதி எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். முதலில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். மறுபடி பணம் கட்டினால் கணக்கு திறந்துவிடும், பழைய பணம் ஏழு வேலை நாளில் திரும்பி வரும் என்றார். நம்பிக் கட்டினேன். கணக்கும் திறக்கவில்லை, பணமும் வரவில்லை. ஆறாவது தடவை வந்தவர்தான் நான் சொல்லி முடிப்பதற்குள், “மேடம், மூச்சுப் பயிற்சி ஆப் வச்சிருக்கீங்க, அதைப் பண்ணி அமைதியான பிறகு கூப்பிடுங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்கு வயது 58. என்னை அப்படி யாரும் பேசியதில்லை. அந்தப் பயிற்சிதானே பூட்டியிருக்கிறது என்று சொல்லத்தானே கூப்பிட்டேன்? அந்த அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்று நீங்களே சொல்கிறீர்கள். போட்டுக் கேளுங்கள்.

மதுரைக்குப் போன கதையும் இருக்கிறது. அங்கே உங்கள் உதவி மையம் இருக்கிறது, ரசீதோடு நேரில் போங்கள் என்று முகவரி அனுப்பினார்கள். விடிகாலையில் காரைக்குடி வந்து பஸ் பிடித்து, திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோவுக்கு 180 ரூபாய் கொடுத்துப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது, ‘வாடகைக்கு விடப்படும்’ என்று அட்டை தொங்கியது. அவர்கள் காலி செய்து ரொம்ப நாளாச்சு என்றார் பக்கத்து ஜூஸ் கடைக்காரர். மதுரைக்கு அடிக்கடி போய்வர உடம்பு தாங்காது என்றுதானே உங்கள் ஆப்பையே வாங்கினேன்!

எட்டு வாரப் பாடம் நீங்கள் கண்டுபிடித்தது இல்லை. ஜான் கபாட்-ஜின் 1979-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியது என்று உங்கள் முதல் நாள் ஒலியே சொல்கிறது. முதலில் உடம்பைக் கவனிப்பது, அப்புறம் மூச்சோடு உட்காருவது என்று படிப்படியாகப் போவது அது. அதை நடுவில் அறுத்துவிட்டு ‘நாள் 1’ என்றால், நான்கு வார வைத்தியம் வீணாய்ப் போனதாகத்தான் நான் நினைக்கிறேன். இப்போது ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

சந்தாவை ரத்து செய்யலாம் என்றால் அந்த இடத்தையே காணோம். மகன் வீடியோ காலில் வந்து அரை மணி நேரம் தேடினான். இப்படி ரத்து செய்ய முடியாமல் மாட்டி வைப்பதைச் சந்தாப் பொறி என்று சொல்லி, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. வழக்குக்குப் போக எனக்கு ஆசை இல்லை. உங்கள் பாடம் நல்ல பாடம், அந்த அம்மாவின் குரல் எனக்கு வேண்டும்.

இரண்டாவதாக வாங்கிய 2,999 ரூபாயையும் மதுரைச் செலவையும் பத்து நாளில் திருப்பித் தாருங்கள். என் ஐந்தாம் வாரத்தை விட்ட இடத்திலிருந்து திறந்துவிடுங்கள். அந்த ஊழியர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். எழுத்தில் வேண்டாம், போனில் பேசினால் போதும். இல்லாவிட்டால் பதினோராம் நாள் சிவகங்கைக்குப் பஸ் ஏறுவேன்.

அந்தப் பதற்றப் பட்டனுக்குப் பத்து நாள்கூடக் கொடுக்க மாட்டேன். பணம் கட்டினவர், கட்டாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் இன்றைக்கே அதைத் திறந்துவிடுங்கள். அதற்குக் கீழே 14416 என்ற எண்ணையும் போடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்த எண் தெரியாது.

இப்படிக்கு,
வளவில் பாய் விரித்துக் காத்திருக்கும் சந்தாதாரர்