பெயில் கம்பி வேண்டுமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதே பெரிய மகிழ்ச்சி. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு நல்ல மீன்பிடி ரீல் வாங்கித் தரப்போகிறாள் என்று நீ எழுதியிருந்த வரியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு என் ஆசிகளைச் சொல். என் தோள்பட்டை வலி இப்போது பரவாயில்லை. 11 அடித் தூண்டில் ராடைப் பரணில் ஏற்றிவிட்டு 9 அடிக்கு இறங்கிவிட்டேன். தூரம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் விடியும்வரை வீச முடிகிறது. எனக்கு அது போதும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அலை உடையும் கரையில் நின்று வீசுவதற்கு, தூண்டில் நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றிவிடும் அந்த வளைந்த பெயில் கம்பி உள்ள ரீலா, இல்லாததா? உனக்குப் பெயில் உள்ளதுதான் சரி. நான் பயன்படுத்துவது பெயில் இல்லாதது. அதை விடவும் மாட்டேன். தனக்கு ஒன்று, எனக்கு ஒன்றா என்று நீ மனத்தாங்கல் கொள்ளக்கூடாது என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

பெயில் இல்லாத ரீல் ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று உன்னிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். உண்மை நேர்மாறானது. இங்கிலாந்தில் நெசவுத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சுழலாமல் நிற்க, நரம்பு மட்டும் அதன் முனை வழியாக உருவிக்கொண்டு போகும் ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். ஆலையில் கதிரிலிருந்து நூல் உருவி வருவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்பார்கள். அந்த ரீலில் முழு வளைவான கம்பி கிடையாது. 1932இல் ஹார்டி நிறுவனத்தின் ஆல்டெக்ஸ் ரீலில்தான் முழுப் பெயில் வந்தது. அதன் பிறகும் பழைய வழி அழிந்துவிடவில்லை. பென் நிறுவனத்தின் 704, 706 என்ற இரண்டு ரீல்களும் ஒரே உடல்தான்; 704இல் பெயில் உண்டு, 706இல் கிடையாது. அலைக்கரையில் வீசுகிறவர்கள் அந்த 706ஐத் தேடித் தேடி வாங்கினார்கள். பின்னால் வேன் ஸ்டால் வந்தது. உப்புநீரில் மூழ்கினாலும் தாங்கும் உடலோடு, பெயில் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகையும் அதில் கிடைக்கின்றன.

இந்த இடத்தில் பலரும் குழம்புகிறார்கள், நீயும் கொஞ்சம் குழம்பியிருக்கிறாய். பெயில் இல்லாததால் ரீலுக்குள் தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தாய். தண்ணீரைத் தடுப்பது உடலின் மூட்டுகளிலும் அச்சிலும், மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கிலும் உள்ள ரப்பர் அடைப்புகள். பெயில் ஸ்பூலுக்கு முன்னால், வெளியே இருக்கிறது; அதற்கும் உள்ளே தண்ணீர் போவதற்கும் சம்பந்தமே இல்லை. பெயில் இல்லாமல் வரும் ரீல்களில் பெரும்பாலானவை கனமான உலோக உடலும் நல்ல அடைப்பும் கொண்டவை. அந்த அடைப்பின் புகழைத்தான் கம்பி இல்லாமைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அடைப்பு வேண்டுமென்றால் அடைப்பைப் பார்த்து வாங்கு.

அப்படியானால் கம்பியை ஏன் எடுத்தார்கள்? மூன்று தொல்லைகளுக்காக.

முதலாவது, உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்தது. வீசும் வேகத்தில் பெயில் தானாக மூடிக்கொள்வது. 100 கிராம் ஈயத்தை முழு பலத்தோடு வீசும்போது ரீல் ஒரு உதறு உதறும். கைப்பிடி தன் கனத்தால் சற்றே சுழலும், அதோடு ஸ்பூலைச் சுற்றிவரும் ரோட்டரும் திரும்பும், உள்ளே இருக்கும் நெம்புகோல் தட்டப்பட்டு, கம்பி டப்பென்று விழும். போய்க்கொண்டிருந்த நரம்பு அந்தக் கணமே நின்றுவிடும். பின்னிய நரம்பான பிரெய்டு அறும், ஈயம் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஆள் நிற்கும் கரையில் இது உயிருக்கே ஆபத்து. இதைத் தடுக்கத்தான் சில ரீல்களில் ரோட்டருக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் வைக்கிறார்கள். பெயில் திறந்திருக்கும்போது அது ரோட்டரை இறுக்கிப் பிடிக்கும். ரப்பர் தேய்ந்துவிட்டால் பிடியும் போய்விடும்.

இரண்டாவது ஸ்பிரிங். பாறைமுனையில் நாம் மூவரும் நின்ற அந்த இரவு உனக்கு மறந்திருக்காது. மீன் கூட்டம் கைக்கெட்டும் தூரத்தில் புரண்டுகொண்டிருந்த நேரத்தில் உன் பெயில் துவண்டு தொங்கியது. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ஸ்பிரிங்கின் ஒரு கால் முறிந்து, முறிந்த இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தலைமுடி ஊக்கு அளவுகூட இல்லாத அந்தக் கம்பித் துண்டுக்காக அத்தனை பெரிய ரீல் உபயோகமற்றுப் போய்விட்டது. நீதான் தயங்காமல் வெட்டுக்குறட்டை எடுத்துப் பெயில் கம்பியை இரண்டு பக்கமும் நறுக்கி, நரம்பு ஓடும் சின்னச் சக்கரமான ரோலர் இருக்கும் ரீலின் கையை மூடிய நிலையில் இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிக் கட்டினாய். அதற்குப் பிறகு விடியும்வரை விரலால் நரம்பை எடுத்து ரோலரில் போட்டே மீன் பிடித்தாய். ரீல் வேகமாகச் சுற்றும்போது குலுங்கியது. ஒரு பக்கத்து எடை போய்விட்டால் குலுங்கத்தான் செய்யும். பெயில் ரீலைப் பெயில் இல்லாததாக மாற்ற நினைப்பவர்கள் ரோட்டரின் சமநிலையைச் சரிசெய்யாமல் விட்டால் இதே கதிதான். கம்பி என்பது இல்லாமலும் இருக்கக்கூடிய உறுப்பு என்று எனக்குப் புரிந்தது உன் கையைப் பார்த்துத்தான், செல்வம்.

மூன்றாவது தொல்லை நரம்பில் விழும் முடிச்சு. கைப்பிடியைச் சுற்றியே பெயிலை மூடும்போது, முதல் சுற்று தளர்வாக ஸ்பூலில் விழுகிறது. அதன்மேல் இறுக்கமான சுற்றுகள் ஏறுகின்றன. அடுத்த வீச்சில் அந்தத் தளர்ந்த வளையம் நாலைந்து சுற்றுகளைச் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. காற்று முடிச்சு என்று காற்றின்மேல் பழி போடுகிறோம். தளர்ச்சிதான் காரணம்.

பெயில் இல்லாத ரீல் இந்த மூன்றையும் ஒழித்துவிடுகிறது. மூடிக்கொள்ளக் கம்பி இல்லை, முறிய ஸ்பிரிங் இல்லை. வீச்சின் முடிவில் நரம்பை விரலால் தொட்டே ஆகவேண்டும் என்பதால் தளர்ச்சிக்கும் இடமில்லை. ஆனால் அந்த விரலின் வேலையை நீ நன்றாகத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். ரோலரைச் சுட்டுவிரலுக்கு அருகில் கொண்டுவந்து, நரம்பை விரல் நுனியில் ஏந்தி ரோலரிலிருந்து விலக்க வேண்டும். நரம்பு போகும் வழியில் ரோலர் குறுக்கே நிற்காதபடி பார்த்துக்கொண்டு வீச வேண்டும். போலி இரையான லூர் இறங்கும் நேரத்தில் விரலை ஸ்பூலின் விளிம்புக்குத் தாழ்த்தினால், ஓடிவரும் நரம்பு சுருள் சுருளாக விரல் நுனியில் தட்டும். அந்தத் தட்டு மெதுவாகும்போது நரம்பை மடக்கிப் பிடித்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ரோலர் சுற்றி வந்து விரலிலிருந்து நரம்பை வாங்கிக்கொள்ளும். கை பழகிவிட்டால், லூர் தண்ணீரைத் தொட்ட அதே கணத்தில் இழுக்கத் தொடங்கிவிடலாம். இடுப்பளவு நீரில், இருட்டில், அலைக்கும் அலைக்கும் நடுவே வீசிக்கொண்டிருக்கும் எனக்கு இதற்கு ஈடு கிடையாது. மீன் ஓடும்போது சட்டையில் உரசிப் பெயில் திறந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை.

அதே ரீல் உனக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்?

உன் சுட்டுவிரல். கதவிடுக்கில் சிக்கியதிலிருந்து நுனியில் உணர்ச்சி குறைவு என்று நீயே எழுதியிருக்கிறாய். பெயில் இல்லாத ரீலில் எல்லாமே அந்த நுனியில்தான் நடக்கிறது. தோல் உறை போட்டால் பிரெய்டு அறுக்காது, ஆனால் இருக்கும் உணர்ச்சியும் மங்கும். குளிரில் விரல் மரத்துப்போனால் நல்ல விரல் உள்ளவர்களே நரம்பைத் தவறவிடுகிறார்கள்.

உன் மீன்பிடிப்பு முறையும் வேறு. நீ இரையையும் ஈயத்தையும் வீசிவிட்டு, ராடை மணலில் ஊன்றிய குழாயில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பவன். மணிக்கு இரண்டு மூன்று முறை வீசினால் அதிகம். நொடிக் கணக்கில் நேரம் மிச்சமாவதால் உனக்கு என்ன லாபம்? மேற்பரப்பில் பாப்பர் என்ற மிதக்கும் லூரைத் துள்ளவிடும்போதும் நீ நரம்பை இழுத்து இழுத்துத் தளர்த்துவாய். அப்படித் தளரும் நரம்பு, பக்கக் காற்று அடிக்கும் நாளில் பெயில் இல்லாத ரோலரிலிருந்து நழுவி ரோட்டருக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும். பெயில் கம்பி இருந்தால் நரம்பு தன் இடத்தை விட்டு அவ்வளவு எளிதில் போகாது.

இன்னொன்று, விடுமுறை நாட்களில் உன் மகளும் உன்னோடு வந்து வீசுகிறாள். அவள் வாங்கித் தரும் ரீலை அவளும் தயங்காமல் எடுத்து வீச வேண்டாமா? எனக்கு இதுவே மற்ற எல்லாக் காரணங்களையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

மேலே சொன்ன மூன்று தொல்லைகளில் இரண்டைப் பழக்கத்தாலேயே தீர்த்துவிடலாம். ஈயம் தண்ணீரைத் தொடும் முன் இடது கையை ஸ்பூலின்மேல் மெல்ல வைத்து நரம்பைத் தடு. பெயிலை எப்போதும் கையாலேயே மூடு. கைப்பிடியைச் சுற்றி மூடாதே. மூடியதும் ரோலருக்கு மேலே நரம்பைப் பிடித்து, டிராக் லேசாக முனகும்வரை ஓர் இழுப்பு இழு. அவ்வளவுதான். தளர்ந்த சுற்றும் முடிச்சும் பெரும்பாலும் போய்விடும், நெம்புகோல் வாங்கும் அடியும் மிச்சம். ஸ்பூலின் விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கீழேயே பிரெய்டை நிறுத்திவிடு. விளிம்புவரை நிரப்பினால் எந்த ரீலும் சிக்கலைத்தான் கொடுக்கும்.

வீச்சில் மூடிக்கொள்ளும் தொல்லைக்கு, வாங்கும்போதே சோதித்துப் பார். ரீலை ராடில் மாட்டி, நரம்பு இல்லாமலே பெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, வீசுவதுபோல் பலமாக உதறு. பல தடவை உதறியும் கம்பி அசையாமல் நின்றால் நம்பலாம். பெயில் திறந்த நிலையில் கைப்பிடியை மெதுவாகத் தள்ளிப் பார். தொட்டவுடன் சுழன்று மூடினால் அந்த ரீல் வேண்டாம். கம்பியும் ரோலரும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டு. நகம் இடறினால் பிரெய்டும் இடறும். தடித்த, ஒரே துண்டாக வளைத்த கம்பி நல்லது. உதிரி ஸ்பிரிங் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு வை.

பிரெய்டின் முனையில் கட்டும் முன்நரம்பையும் கவனி. ஓர் அவுன்ஸ் எடைக்குப் 10 பவுண்டு வலு என்ற பழைய கணக்கே போதும். நீ வீசும் 4 அவுன்ஸ் ஈயத்துக்கு 40 பவுண்டு வேண்டும். வீசும் நேரத்தில் ஸ்பூலில் சில சுற்றுகள் ஏறியிருக்கும் அளவுக்கு நீளம் விடு. இரண்டையும் சேர்க்கும் முடிச்சு விரலுக்கு எதிர்ப்பக்கமாக அமரும்படி சுற்றிக்கொண்டு வீசு. மரத்த விரலில் காயம் பட்டால் உனக்குத் தெரியவே தெரியாது, அதனால்தான் சொல்கிறேன்.

கரையிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, மெல்லிய தண்ணீர்த் தூவலில் நனைத்து எடு. குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பும் மணலும் உள்ளேதான் போகும். துடைக்கும் முன் மணல் முழுதும் போயிருக்கட்டும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிட்டு, ரோலருக்கும் பெயில் திரும்பும் இரண்டு மூட்டுகளுக்கும் ஒவ்வொரு துளி எண்ணெய் விடு. அந்த இரவில் முறிந்த ஸ்பிரிங்குக்கு யாராவது இதைச் செய்திருந்தால் அது இன்னும் சில வருடங்கள் உழைத்திருக்கும்.

அடுத்த முறை சந்திக்கும்போது என் ரீலைக் கொண்டுவருகிறேன். அமைதியான நீரில், லேசான ஈயத்தோடு நீயும் மகளும் வீசிப் பாருங்கள். அவளுடைய விரலுக்கு அது பிடித்துப்போனால் இரண்டாவது ரீலைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு அவளிடம் 5000 அல்லது 6000 என்று எண்ணிட்ட அளவில், அடைப்பு நன்றாக உள்ள பெயில் ரீலைப் பார்க்கச் சொல். எதை எடுப்பதாக இருக்கிறாள் என்பதை வாங்கும் முன் எனக்கு எழுது. அதன் ஸ்பூலில் எவ்வளவு பிரெய்டு பிடிக்கும் என்று பார்த்து, என்னிடம் இருக்கும் 30 பவுண்டு வலுவுள்ள சுருளிலிருந்து வெட்டி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
மாணிக்கம்