72 பர்சென்டும் இல்ல, பெயிலும் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வச்சிருக்கேன். வெளிநாடு போற புள்ளைங்க ஐஇஎல்டிஎஸ்ன்ற இங்கிலீஷ் பரீட்சை ரிசல்ட்ட என் கடையிலதான் பிரிண்ட் எடுக்கும், கூட அப்பாவோ தாத்தாவோ வருவாங்க, பேப்பர் சூடு ஆறுறதுக்குள்ள மொதல் கேள்வி "பாஸா பெயிலா தம்பி?" போன மாசம் நெல்லிக்குப்பத்துலேர்ந்து வந்த ஒரு பெரியவர், பேரன் வாங்கின 6.5-ஐ பாத்துட்டு, என் கால்குலேட்டர வாங்கி 9-ஆல வகுத்து நூறால பெருக்கி "72 பர்சென்ட், பர்ஸ்ட் கிளாஸ்"னு சொல்லி எனக்கும் ஒரு சாக்லேட் குடுத்தாரு. நானும் வாங்கி சாப்டுட்டேன். சொல்ல மனசு வரல.

அந்த பரீட்சையில பாஸ் மார்க்குன்னு ஒண்ணே கிடையாதுங்க. 0-லேர்ந்து 9 வரைக்கும் அரை அரையா படிக்கட்டு மாதிரி, நீ எந்த படியில (அததான் பேண்டுன்றாங்க) நிக்கிறேன்னு மட்டும்தான் சொல்லும், அது போதுமா போதாதான்றத நீ போற காலேஜும் விசா ஆபீசும்தான் முடிவு பண்ணும். பாண்டிச்சேரில என் மச்சான் பையன் பிரெஞ்சுக்கு டெல்ஃப் எழுதினான், அதுல நூத்துக்கு 50 எடுத்தா பாஸ், நாலு பகுதியிலயும் 25-க்கு 5-க்கு கீழ போகக்கூடாது, பாஸாயிட்டா சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும். நம்மாளுங்க ஐஇஎல்டிஎஸ்ஸையும் அதே கணக்குல பாக்குறாங்க. இதுக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுசு.

இத்தன வெவரம் எனக்கு தெரிஞ்சது எங்க அக்கா பொண்ணால. நர்சு, லண்டன் பக்கம் போகணும்னு ஐஇஎல்டிஎஸ்ல அகாடமிக்ன்ற வகைய எழுதினா. லிசனிங் 8, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. கூட்டி நாலால வகுத்தா ஓவரால் 7. கோச்சிங் சென்டர்ல மறுநாளே "ஓவரால் 7"னு போட்டோ போட்டு பிளக்ஸ் கட்டிட்டாங்க, எங்க அக்கா தெரு பூரா லட்டு குடுத்துருச்சு. அப்புறம்தான் தெரியுது, பிரிட்டன் நர்சிங் கவுன்சில் ஓவரால மட்டும் பாக்குறதில்ல, மூணுல 7, ரைட்டிங்ல 6.5 இருக்கான்னு தனித்தனியாவும் பாக்குது. அரை பேண்ட்ல நின்னு போச்சு. லட்டு வாங்கின வீட்டுக்கெல்லாம் என்னன்னு சொல்றது?

சென்டர்ல போய் கேட்டா மறுபடி முழு கோர்ஸ் சேருன்னாங்க. ராத்திரி கடைய சாத்திட்டு நானும் அவளும் கவுன்சிலோட வெப்சைட்ட உக்காந்து படிச்சோம். 12 மாசத்துக்குள்ள எழுதின ரெண்டு பரீட்சை மார்க்க சேத்து காட்டலாமாம், ரெண்டுலயும் எந்த பகுதியும் கேட்ட பேண்டுக்கு அரைக்கு மேல கொறையாம இருந்தா போதும். அவளுக்கு ரைட்டிங் 6 தான, ஏத்துக்குவாங்க. அடுத்த தடவ ரைட்டிங்ல 6.5 எடுத்து மத்த மூணும் 6.5-க்கு கீழ போகாம பாத்துக்கிட்டா முடிஞ்சுது வேல. இத சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? அவங்க சொல்லல.

ரைட்டிங் ஏன் போச்சுன்னா, மொதல் கேள்வி கிராப்ப பாத்து 150 வார்த்தை, ரெண்டாவது கட்டுரை 250 வார்த்தை, கட்டுரைக்கு ரெண்டு பங்கு வெயிட்டு. இவ ஒரு மணி நேரத்துல பாதிய கிராப்லயே போக்கிட்டா. "ஒரு கோட்டகூட விட மனசு வரல மாமா"ன்றா. கட்டுரைக்கு கடைசி பாரா எழுத நேரமில்ல.

ரவுண்டு பண்ற கூத்து வேற இருக்கு. 7, 6, 6, 6 எடுத்தவனுக்கு சராசரி 6.25, அத 6.5-ஆ ஏத்திருவாங்க. 6.5, 6, 6, 6-க்கு 6.125, எறக்கி 6 ஆக்கிருவாங்க. ஒரு பகுதியில அரை பேண்டு, அதுக்குள்ள ஓவரால்ல அரை படி மாறிடுது. ரீடிங்ல 40-க்கு 30 சரின்னா அகாடமிக்ல சுமாரா 7, ஜெனரல்ன்ற இன்னொரு வகையில அதே 30-க்கு 6 பக்கம்தான் வரும், கேள்வி அங்க ஈசி. பக்கத்து வீட்டு பையனோட ஒப்பிட்டு திட்டுறவங்க அவன் எத எழுதினான்னு மொதல்ல கேளுங்க. பிடிஇன்ற வேற இங்கிலீஷ் பரீட்சை எழுதினவன் 65னு வந்தா நூத்துக்கு 65 இல்ல, அது 10-ல ஆரம்பிச்சு 90-ல முடியுது.

ஐயா, உங்க பேப்பர்ல ஞாயித்துக்கெழமை வர்ற கோச்சிங் விளம்பரத்துல எல்லாம் ஓவரால் மட்டும்தான் பெருசா போடுறாங்க, நாலு மார்க்கையும் போடச் சொல்லி கேளுங்க. ஒரு தடவ எழுத 17 ஆயிரத்துக்கு மேல கட்டுறோம், சும்மா இல்ல. கல்வி பக்கத்துல இத ஒரு கட்டம் கட்டி போட்டீங்கன்னா நல்லாருக்கும். அந்த நெல்லிக்குப்பம் பெரியவரும் உங்க பேப்பர்தான் வாங்குறாரு, நான் போய் சொல்ற சங்கடம் மிச்சம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.